மூணு விளம்பரம் போட்டாச்சு, பொது சுகாதாரப் பேராசிரியர் கிடைக்க மாட்டேங்காங்க

பொருநைக்கரை | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சுயநிதிப் பல்கலைக்கழகத்துல எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன்ல இருக்கேன். பேரைக் கேக்காதீங்க, சோறு போடுற இடம். எங்ககிட்ட மெடிக்கல் காலேஜ் கிடையாது, எம்.பி.ஹெச். (பொது சுகாதார முதுகலை) படிப்பு மட்டும் நடக்கு. அதுக்குப் பேராசிரியர் பதவி ஒண்ணு ரெண்டு வருசமா காலி.

மூணு தடவை பேப்பர்ல விளம்பரம் கொடுத்தாச்சு. முதல் தடவை 11 விண்ணப்பம் வந்துது, ஸ்க்ரூட்டினியில ஒண்ணுகூட மிஞ்சல. ரெண்டாவது தடவை ரெண்டு பேர் தேறினாங்க. அதுல ஒருத்தர் நேர்முகத்துக்கே வரல. வந்தவர் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டார், சொன்னோம், டீயைக் குடிச்சிட்டு "யோசிச்சுச் சொல்லுதேன்"னு போனவர்தான். மூணாவது தடவை வந்தது நாலே விண்ணப்பம். அதுல ஒண்ணு மெக்கானிக்கல் இன்ஜினியரிங்.

விளம்பரத்துல கேட்டது இதுதான்: பொது சுகாதாரத்தில் முனைவர் பட்டம், 10 ஆண்டு அனுபவம், 10 ஆய்வுக் கட்டுரை, ஆய்வு மதிப்பெண் 120, முனைவர் பட்ட மாணவரை வழிநடத்திய சான்று. நாங்களா இட்டுக்கட்டினது இல்ல, யு.ஜி.சி. 2018 விதிமுறை. நாலாவது விளம்பரத்துக்கு என்ன மாத்தலாம்னு நோட் போட்டுக் கொண்டு வரச் சொல்லிருக்கார் ரிஜிஸ்ட்ரார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓய்வு ஹெச்.ஐ. | திங்கள், இரவு 10.05

தம்பி, அந்த விளம்பரத்துல திருநெல்வேலிங்கிற வார்த்தை முகவரியில தவிர வேற எங்கயாவது இருக்கா?

பொருநைக்கரை | திங்கள், இரவு 10.11

இல்ல அண்ணாச்சி. உண்மையச் சொன்னா, வடக்க ஒரு பல்கலைக்கழகத்து விளம்பரத்தை எடுத்து பேரை மட்டும் மாத்தினது.

எஸ்.பி.எம். வாத்தியார் | திங்கள், இரவு 11.20

நான் மருத்துவக் கல்லூரியில் கம்யூனிட்டி மெடிசின் துறையில் அசோசியேட். இந்தத் துறையைப் பழைய ஆட்கள் எஸ்.பி.எம். (சமூக, தடுப்பு மருத்துவம்) என்பார்கள், என் புனைபெயருக்கு அதுதான் காரணம். உங்களுக்கு ஏன் ஆள் கிடைக்கவில்லை என்பதற்கு என் பக்கத்திலிருந்து ஒரு காரணம் சொல்கிறேன்.

மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஆக எம்.பி.பி.எஸ்.சுக்கு மேல் எம்.டி. வேண்டும். பி.ஹெச்டி. கட்டாயம் இல்லை. அதனால் என் வயதுக்காரர்களில் பி.ஹெச்டி. முடித்தவர்கள் கை விட்டு எண்ணுகிற அளவுதான். உங்கள் ஊரில் அதே ஆள் வந்து நின்றால் "பி.ஹெச்டி. எங்கே?" என்பீர்கள். மறுபுறம், எம்.பி.பி.எஸ். இல்லாமல் எம்.பி.ஹெச்., பி.ஹெச்டி. படித்தவர் எங்கள் கல்லூரிக்கு வந்தால் புள்ளியியல் ஆசிரியர் பதவிக்கு மேல் அவருக்கு நாற்காலி கிடையாது. ஒரே பாடம், இரண்டு வாசல், இரண்டிலும் வேறு வேறு பூட்டு.

அரசுக் கல்லூரிகளில் விளம்பரம் போட்டுப் பேராசிரியர் எடுக்கும் பேச்சே இல்லை. உதவிப் பேராசிரியராக உள்ளே வந்து, சீனியாரிட்டியில் ஏறி, பேனல் (பதவி உயர்வுப் பட்டியல்) வந்து, கவுன்சலிங்கில் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐகிரவுண்டில் (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியில்) இடம் கிடைத்து உட்கார்ந்தவர் பணிப் பாதுகாப்பையும் பென்ஷனையும் விட்டு உங்களிடம் வருவாரா? ஓய்வு பெற்றபின் வேண்டுமானால் வருவார்.

அந்த 11 பேரை ஏன் கழித்தீர்கள் என்று சொல்ல முடியுமா?

பொருநைக்கரை | செவ்வாய், காலை 7.15

கோப்பைப் பாத்தேன் சார். நாலு பேருக்கு எம்.டி. இருக்கு, பி.ஹெச்டி. இல்ல. மூணு பேருக்கு பி.ஹெச்டி. இருக்கு, ஆனா ஒருத்தருக்குப் புள்ளியியல்ல, ஒருத்தருக்கு சமூகப்பணியில, ஒருத்தருக்கு நர்சிங்ல. "பொது சுகாதாரம்னு பட்டத்துல இல்ல"ன்னு சிவப்பு மையில எழுதிருக்கு. ரெண்டு பேருக்கு 120 வரல. மிச்ச ரெண்டு பேர் சும்மா போட்டுப் பாத்தவங்க.

கடையத்துக்காரி | செவ்வாய், காலை 8.02

சிவப்பு மை. அந்தப் புள்ளியியல் நானா இருக்குமோன்னு ஒரு நிமிசம் பதறிட்டேன். இல்ல, நான் உங்களுக்குப் போடல. ஆனா இதே பதிலை வேற ரெண்டு இடத்துல வாங்கிருக்கேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுதேன். யு.ஜி.சி. விதியிலேயே "தொடர்புடைய, சார்ந்த துறை"ன்னு இருக்கு. பட்டத்து அட்டையில "பொது சுகாதாரம்"னு அச்சடிச்சிருக்கணும்னு எங்கயும் இல்ல. அதைச் சேர்த்தது உங்க ஆபீஸ். நோய் எப்படிப் பரவுதுன்னு கணக்குப் போடுறவங்க புள்ளியியல்லதான இருப்பாங்க? குடும்பத்துக்குள்ள போய் விசாரிக்கிறவங்க சமூகப்பணியில, மானுடவியல்ல இருப்பாங்க. இவங்களைக் கழிச்சிட்டா மீதி யாரு?

என் கதை. அம்மா பீடி சுத்துனாங்க. சொளவை மடியில வச்சுக்கிட்டு குனிஞ்ச தலை நிமிராம, காலையில ஆறு மணிக்கு உக்காந்தா ராத்திரி செய்தி முடியுற வரைக்கும். தகட்டை வச்சு இலையை வெட்டி, தூளைப் போட்டு உருட்டி, நுனியை மடிச்சு, நூலைக் கட்டி. ஏஜண்டுகிட்ட கொண்டு போனா ஒரு பிடியை எடுத்து "இது கழிவு"ன்னு ஒதுக்கிருவான், அதுக்குக் கூலி இல்ல. வீடு பூரா புகையிலை நெடி. தங்கச்சி தொட்டில் அம்மா பக்கத்துலதான் ஆடும். நான் எம்.எஸ்சி. ஸ்டாட் முடிச்சு, திருவனந்தபுரத்துல எம்.பி.ஹெச். பண்ணி, பீடி சுத்துற பொம்பளைங்க மூச்சு, முதுகு பத்திதான் பி.ஹெச்டி. பண்ணினேன். முக்கூடல், ஆலங்குளம், கடையம்னு வீடு வீடா.

ஒரு நேர்முகத்துல (ஊரைச் சொல்லல) முதல் கேள்வியே "நீங்க டாக்டரா?" "பி.ஹெச்டி. சார்." "அது இல்லம்மா, நிஜ டாக்டரா?" அதுக்கப்புறம் அவங்க கேட்டது எதுவும் என் காதுல ஏறல.

எஸ்.பி.எம். வாத்தியார் | செவ்வாய், காலை 9.30

அந்தக் கேள்வியைக் கேட்டவர் என் மருத்துவர் இனம் என்பதால் நான் வெட்கப்பட வேண்டியதுதான். ஆனால் முழுக்க ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். மருத்துவம் தெரியாமல் பொது சுகாதாரம் கற்பிக்க முடியுமா என்ற கேள்வியில் நியாயமும் கொஞ்சம் உண்டு. காய்ச்சலோடு வந்த பிள்ளையைப் பார்த்து ஸ்கிரப் டைபஸ் (சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல்) என்று சந்தேகிக்க, அக்குளில் அந்தக் கறுத்த பொருக்கைத் தேட, கை பழகியிருக்க வேண்டும்.

கடையத்துக்காரி | செவ்வாய், காலை 9.41

தேடுங்க சார். அதே காய்ச்சல் எந்தத் தெருவுல, எந்த வேலை பாக்கவங்களுக்கு வருதுன்னு நான் தேடுதேன். ரெண்டு பேரும் வேணும்னுதான சொல்லுதேன்.

ஓய்வு ஹெச்.ஐ. | செவ்வாய், மதியம் 2.20

ரெண்டு பேரும் வந்தாலும் மஸ்தூர் (வீடு வீடா மருந்து ஊத்துற கூலி ஆளு) வரலேன்னா ஒண்ணும் நடக்காது, அதையும் சேத்துக்கோங்க.

நான் ஹெல்த் இன்ஸ்பெக்டரா இருந்த காலம், 2012-ல கடையநல்லூர் டெங்கு. அப்போ அது நம்ம திருநெல்வேலி மாவட்டம்தான், தென்காசியைப் பிரிச்சது 2019-ல. குழாய்த் தண்ணி என்னைக்கோ ஒரு நாள் வரும். அதனால வீட்டுக்கு வீடு சிமெண்டுத் தொட்டி, டிரம், குடம், அண்டா, எல்லாத்துலயும் பிடிச்சு வச்சிருப்பாவ. நாங்க டார்ச்சை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு தொட்டியா எட்டிப் பாத்தோம். வெளிச்சம் பட்டா புழு நெளிஞ்சு அடியில போகும். அபேட் (கொசுப்புழு மருந்து) ஊத்துனா "தண்ணி நாறுதுங்க"ன்னு நாங்க தெரு முனை திரும்பங்குள்ள கீழ கொட்டிருவாவ. அவுகளைக் குத்தம் சொல்லவும் முடியாது. அடுத்த தண்ணி என்னைக்கு வரும்னு யாருக்குத் தெரியும்?

அப்போ ஒரு பெரிய படிப்பு படிச்சவர் வந்து, வாரம் ஒரு நாள் தொட்டியைக் காலி பண்ணிக் காய வைங்கன்னு பேசிட்டுப் போனாரு. ஒரு கிழவி கேட்டா, "காய வச்சா முட்டை செத்துருமாய்யா?" அவருக்குப் பதில் இல்ல. அந்தக் கொசு முட்டை சுவத்துல ஒட்டிக்கிட்டு, தண்ணி இல்லாம மாசக்கணக்குல உயிரோட கெடக்கும். திரும்பத் தண்ணி பட்டதும் பொரிக்கும். காய வச்சா மட்டும் காணாது, தேங்காய் நாரு போட்டு சுவத்தைத் தேய்ச்சுக் கழுவணும். கிழவி விவரமாத்தான் கேட்டிருக்கா.

உங்க விளம்பரத்துல 10 கட்டுரை கேக்கீங்க. எத்தனை தொட்டியை எட்டிப் பாத்திருக்கீங்கன்னு ஒரு வரி கேக்கலாம்லா?

மேலப்பாளையத்தான் | செவ்வாய், மாலை 6.48

அண்ணாச்சி சொன்னதுக்கு ஆயிரம் லைக். நானே 2023 டிசம்பர் வெள்ளத்துக்கப்புறம் வீட்டுக் கிணத்துல பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்னு தெரியாம மூட்டையோட நின்னவன்தான். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுன மழை. நாலு பேருக்குப் போன் போட்டா நாலு கணக்குச் சொன்னாங்க.

உப்சாலா குளிர் | செவ்வாய், இரவு 11.55

பாளையங்கோட்டைக்காரன். இப்போ சுவீடன்ல போஸ்ட் டாக் (பி.ஹெச்டி.க்கு அப்புறம் செய்ற ஆராய்ச்சி வேலை). இங்க பேராசிரியர் எடுக்கிற முறையைப் பக்கத்துல இருந்து பாத்ததால சொல்றேன். அப்படியே அங்க செய்யணும்னு இல்ல.

இங்க விண்ணப்பம் எல்லாம் பொது ஆவணம். யார் யார் போட்டிருக்காங்கன்னு கேட்டா கொடுத்துடுவாங்க. வெளியூர்ப் பேராசிரியர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் படிச்சு, இவர் இதுல வலு, இதுல குறைன்னு பக்கம் பக்கமா எழுதுவாங்க, அதையும் எல்லாரும் படிக்கலாம். எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு விதி: ஆராய்ச்சித் திறமையை எவ்வளவு கவனமா எடை போடுறோமோ அதே கவனத்தோட கற்பிக்கிற திறமையையும் எடை போடணும்னு உயர்கல்வி ஆணையிலயே இருக்கு. அதனால கூப்பிட்டவங்களை மாணவர்கள் முன்னாடி ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வாங்க. கிடைக்காதவங்க மேல்முறையீடும் பண்ணலாம். அதுக்குன்னே தனி வாரியம் இருக்கு.

குறை இல்லாமல் இல்ல. ஒரு பதவி நிரம்ப ஒரு வருசம்கூட இழுக்கும். எங்க துறையில ஒரு கோப்பு இன்னும் நடந்துக்கிட்டே இருக்கு.

பொருநைக்கரை | புதன், காலை 7.05

விண்ணப்பத்தை எல்லாருக்கும் காட்டணும்னு நோட் எழுதினா அடுத்த விளம்பரம் என் பதவிக்குத்தான் வரும். மாதிரி வகுப்பு மட்டும் எடுத்துக்கிடுதேன்.

எஸ்.பி.எம். வாத்தியார் | புதன், காலை 10.10

அந்த 120 மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், யாரும் தொடவில்லை. எங்கள் மாதிரித் துறைகளுக்கு ஒரு கட்டுரைக்கு 8 புள்ளி (இதழின் இம்பேக்ட் ஃபேக்டருக்கு, அதாவது அதன் கட்டுரைகள் மேற்கோள் காட்டப்படும் அளவுக்கு, தனியாகக் கூடும்). இரண்டு பேருக்கு மேல் எழுதியிருந்தால் முதல் ஆசிரியருக்கோ தொடர்பு ஆசிரியருக்கோ 70 சதவீதம், மற்றவர்களுக்கு ஆளுக்கு 30 சதவீதம். அதாவது 2.4.

ஆய்வகத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிவிடலாம். ஐம்பது கிராமத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமென்றால் மருத்துவர், புள்ளியியலாளர், மாவட்ட அதிகாரி, களத்தை ஒருங்கிணைத்தவர் என்று பதினைந்து பெயராவது வரும். இரண்டு வருட உழைப்பு, கையில் 2.4. பொது சுகாதாரம் என்பதே கூடிச் செய்கிற வேலை. கூடிச் செய்தால் புள்ளி குறைகிறது. உங்கள் ஸ்க்ரூட்டினியில் "120 வரவில்லை" என்று போன இருவர் ஒருவேளை களத்தில் நிறைய நடந்தவர்களாக இருக்கலாம்.

விதியை உங்களால் மாற்ற முடியாது, தெரியும். ஆனால் மதிப்பெண் பட்டியலை விண்ணப்பதாரரே தப்பாகக் கூட்டியிருப்பார், பலருக்கு அந்த அட்டவணையே புரியவில்லை. ஆபீசில் ஒருவர் உட்கார்ந்து மறுபடி கூட்டிப் பார்த்தால் சில பேர் தேறுவார்கள். நான் என்னுடையதை முதல் தடவை கூட்டியபோது பதினெட்டுப் புள்ளி விட்டுவிட்டேன்.

வெட்டிப்பேச்சு | புதன், மதியம் 12.30

எல்லாம் சரிப்பா. ஆளு ஏற்கெனவே முடிவாயிருக்கும், விளம்பரம் சும்மா கண்துடைப்பு. இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது?

பொருநைக்கரை | புதன், மதியம் 12.44

முடிவாகிருந்தா நான் ஏன் சார் ராத்திரி பத்து மணிக்கு இங்க வந்து கெஞ்சுதேன்?

வெட்டிப்பேச்சு | புதன், மதியம் 12.50

அதுவும் சரிதான். அப்போ இடஒதுக்கீடு? அரசுப் பல்கலைன்னா 69 சதவீதம், 200 புள்ளி ரோஸ்டர் (எந்தக் காலியிடம் எந்தப் பிரிவுக்குன்னு சொல்ற வரிசை) எல்லாம் பாக்கணும். உங்களுக்கு அந்தக் கவலையே இல்ல போலிருக்கே?

நெறியாளர் | புதன், மதியம் 1.15

இடஒதுக்கீட்டுக்கு ஏற்கெனவே தனி இழை ஓடுது, 340 பதிவு தாண்டிருச்சு. அங்க போங்க. இங்க பேராசிரியரைத் தேடுவோம்.

கடையத்துக்காரி | புதன், மாலை 5.30

இன்னொரு யோசனை. எனக்கு எட்டரை வருசம்தான் ஆச்சு, அதனால பேராசிரியருக்கு நான் தகுதி இல்ல. இதை என் சுயநலம்னு நெனச்சாலும் பரவாயில்ல. இணைப்பேராசிரியருக்கு 8 வருசம், 7 கட்டுரை, 75 மதிப்பெண் போதும். "பேராசிரியர் அல்லது இணைப்பேராசிரியர்"னு சேத்துப் போடுங்க. இந்தத் துறையில எம்.பி.ஹெச். படிச்சவங்க கூட்டமா வெளிய வந்ததே சமீபத்துலதான். 10 வருசம் முடிச்சு, பி.ஹெச்டி. மாணவரையும் கரையேத்தினவங்க நாட்டுலயே கொஞ்சம். அவங்களை டெல்லியும் பெங்களூரும் கொத்திக்கிட்டுப் போயிரும்.

வீட்டுக்காரருக்கு வேலை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பத்தி ஒரு வரி எழுதுங்க. பாளையங்கோட்டையில பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்? 2023-லயே வந்தே பாரத் வந்தாச்சு, காலையில ஏறினா மத்தியானம் சென்னை. வெளியூர்க்காரங்க இன்னும் நெல்லைன்னா வெயில், அரிவாள், அல்வான்னுதான் நெனக்காங்க.

ஓய்வு ஹெச்.ஐ. | புதன், இரவு 8.15

வெயிலு உண்மைதானம்மா.

எஸ்.பி.எம். வாத்தியார் | புதன், இரவு 9.00

'பேராசிரியர் ஆஃப் பிராக்டிஸ்' என்று 2022-ல் யு.ஜி.சி. ஒரு வழி திறந்தது. பி.ஹெச்டி. வேண்டாம், துறையில் 15 வருட அனுபவம் இருந்தால் போதும். மொத்தப் பதவிகளில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, நீட்டினாலும் நான்கு வருடத்தைத் தாண்டக் கூடாது. ஓய்வு பெற்ற சுகாதாரத் துணை இயக்குநர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் சும்மா இருக்கிறார்கள். காலிப் பதவிக்கு இது மாற்று ஆகாது. ஆனால் பேராசிரியர் வரும்வரை மாணவர்களைக் களத்துக்குக் கூட்டிப் போக ஒரு ஆள்.

மேலப்பாளையத்தான் | புதன், இரவு 9.04

நம்ம அண்ணாச்சியையே போடுங்கப்பா!

ஓய்வு ஹெச்.ஐ. | புதன், இரவு 9.20

எனக்கு முட்டு வலி. மாடி ஏற முடியாது. தொட்டியெல்லாம் மாடியிலதான இருக்கு.

பொருநைக்கரை | வியாழன், காலை 6.50

நோட் போட்டாச்சு. நாலு விஷயம் எழுதினேன்: சார்ந்த துறை பி.ஹெச்டி. செல்லும்; இணைப்பேராசிரியரையும் சேர்க்கணும்; மதிப்பெண்ணை ஆபீசே ஒரு தடவை கூட்டிப் பாக்கணும்; மாணவர்கள் முன்னாடி மாதிரி வகுப்பு. கூடவே விண்ணப்பத்தோட ரெண்டு பக்கம் எழுதித் தரணும்: "திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் முதல் மூன்று ஆண்டில் எந்தச் சிக்கலை எடுத்துக்கொள்வீர்கள், எங்கே, எப்படி?" பீடி, தண்ணி, கேரளா எல்லைக் காய்ச்சல் எதுவா வேணாலும் இருக்கட்டும்.

ரிஜிஸ்ட்ரார் ரெண்டு பக்கத்தை ஒரு பக்கமா வெட்டினார். மத்ததெல்லாம் நின்னுது.

பொருநைக்கரை | பத்து வாரம் கழித்து, வெள்ளி, இரவு 10.30

இழையை மறுபடி கிளப்புறேன், மன்னிக்கணும். இன்னைக்கு நேர்முகம் நடந்துது. 23 விண்ணப்பம், தேறினவங்க அஞ்சு, வந்தவங்க மூணு பேர். யாரு, எந்த ஊருன்னு சொல்ல முடியாது. முடிவும் கவர்ல இருக்கு.

மாதிரி வகுப்பு மட்டும் சொல்லுதேன், நான் பின் பெஞ்சுல இருந்தேன். முதல் ஆள் 64 ஸ்லைடு கொண்டு வந்திருந்தார், இருபது நிமிசத்துல 11-ஐத் தாண்டல. ரெண்டாவது ஆள் நல்லாப் பேசினார், பிள்ளைங்க சிரிச்சாங்க, என்ன சொன்னார்னு இப்போ யோசிச்சா ஞாபகம் வரல.

மூணாவது ஒரு அம்மா. ஸ்லைடே இல்ல. தோள்பையில இருந்து சின்னப் பெட்டி ஒண்ணை எடுத்தாங்க. முன் பெஞ்சுப் பையனைக் கூப்பிட்டு, "வராண்டா குழாய்ல இதுல கோடு வரைக்கும் தண்ணி பிடிச்சிட்டு வா"ன்னு ஒரு கண்ணாடிக் குழாயைக் கொடுத்தாங்க. அவன் கொண்டு வந்தான். அதுல சோதனை மருந்தைச் சொட்டா விட்டு, குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிக் காமிச்சாங்க. "குளோரின் இருந்தா மஞ்சளாகணும். குழாய்க்கு வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும். இப்போ என்ன நெறம்?"

பிள்ளைங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாத்தாங்க. ஒரு நெறமும் இல்ல. "சரி, ஏன் இல்லன்னு காரணம் சொல்லுங்க, ஆளுக்கு ஒண்ணு"ன்னாங்க. மிச்ச நேரம் பூரா பிள்ளைங்கதான் பேசினாங்க. போர் தண்ணி, மருந்தே போடுறதில்லன்னு ஒருத்தன். போட்டிருப்பாங்க, தொட்டி அழுக்கு குளோரினைத் தின்னுருக்கும்னு ஒரு பொண்ணு. முன் வரிசையில இருந்த ரிஜிஸ்ட்ரார் தான் குடிச்ச டம்ளரை ஒரு தடவை பாத்துக்கிட்டார்.

எஸ்.பி.எம். வாத்தியார் | வெள்ளி, இரவு 10.52

தொட்டி அழுக்கு என்று சொன்ன அந்தப் பெண்ணையும் சேர்த்து வேலைக்கு எடுங்கள். சரியான பதில்.

கடையத்துக்காரி | வெள்ளி, இரவு 11.10

நானும் போட்டிருந்தேன். அஞ்சு பேர்ல நானும் ஒருத்தி, ஆனா நேர்முகத்துக்கு வரல. போன மாசம் திருவனந்தபுரத்துலயே ஒரு ஆய்வுத் திட்டத்துல சேந்துட்டேன். சிவப்பு மையில எழுதாம கூப்பிட்டதுக்கு நன்றி.

ஓய்வு ஹெச்.ஐ. | சனி, காலை 5.40

தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். மேல தொட்டியை யாராவது ஏறிப் பாத்தீங்களா?

பொருநைக்கரை | சனி, காலை 11.25

இன்னைக்குக் காலையில எலெக்ட்ரீசியன் ஏறினார். மூடி ரெண்டா உடைஞ்சு கிடக்கு அண்ணாச்சி.

ஓய்வு ஹெச்.ஐ. | சனி, காலை 11.27

டார்ச் அடிச்சாரா?

பொருநைக்கரை | சனி, காலை 11.31

அடிச்சார். நெளிஞ்சு அடியில போச்சாம்.